எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு உடம்பும் மனசும் எப்படிப் பழகுகின்றன?

எடைக் குறைப்பு ஆபரேஷன் என்றாலே நம் ஊரில் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் ஆபரேஷன் தியேட்டர் வாசலோடு முடிந்துவிடும். எவ்வளவு செலவாகும், இன்ஷூரன்ஸ் கிடைக்குமா, எத்தனை கிலோ குறையும், உயிருக்கு ஆபத்து இல்லையே? எல்லாம் நியாயமான கேள்விகள்தான். ஆனால் ஆபரேஷன் நடப்பது ஒன்றிரண்டு மணி நேரம். வயிற்றில் நாலைந்து சின்னத் துளைகள், பெரும்பாலும் சில நாட்களில் டிஸ்சார்ஜ். அதற்கு அப்புறம் ஒன்றரை, இரண்டு வருடம் உடம்பும் மனசும் மாறிக்கொண்டே இருக்கும். அந்தக் காலத்தைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறோம்.

என் அக்காவுக்கு இந்த ஆபரேஷன் நடந்தபோது கூடவே இருந்து பார்த்தேன். அதற்குப் பிறகு இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்தும் வருகிறேன். எனக்குப் புரிந்தது இது: பசி, வயிறு நிறைந்த உணர்வு, தாகம், மயக்கம், களைப்பு என்று உடம்பு காட்டும் குறிப்புகளை நம்பித்தான் நாம் எல்லோரும் நாளை ஓட்டுகிறோம். இந்த ஆபரேஷன் அந்தக் குறிப்புகளையே மாற்றிவிடுகிறது. பழைய குறிப்பை நம்பி நடந்தால் சிக்கல் வரும். புதியதைப் படித்துக்கொள்ள நாள் பிடிக்கும். ஆபரேஷனுக்குப் பிறகு வரும் தொல்லைகள் பலவும் இந்த இடைவெளியில்தான் முளைக்கின்றன.

உள்ளே என்ன மாறியிருக்கிறது?

அதிகமாகச் செய்யப்படுபவை இரண்டு வகை. ஒன்று ஸ்லீவ். இரைப்பையின் நீளவாக்கில் சுமார் 75 முதல் 80 சதவீதத்தை வெட்டி எடுத்துவிட்டு, ஒரு குறுகிய குழாயை மட்டும் விட்டுவைப்பார்கள். இன்னொன்று பைபாஸ். இதயத்துக்குச் செய்யும் பைபாஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இதில் இரைப்பையின் மேல்பகுதியில் சுமார் 30 மில்லி கொள்ளும் சின்னப் பையைப் பிரித்து, அதைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு நேராக இணைப்பார்கள். சாப்பாடு மீதி இரைப்பையையும் சிறுகுடலின் முதல் பகுதியையும் தொடாமல் போய்விடும். மினி பைபாஸ் என்று நம் நாட்டில் நிறையப் பேருக்குச் செய்வதும் இதன் உறவுமுறைதான்.

இடம் குறைந்துபோனதால் மட்டும் எடை குறைவதில்லை. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் இரைப்பையின் மேல்பகுதியில்தான் அதிகம் சுரக்கிறது. ஸ்லீவில் வெட்டி எடுக்கப்படுவது பெரும்பாலும் அந்தப் பகுதி. சாப்பாடு சீக்கிரமாகக் குடலுக்குப் போய்ச் சேர்வதால் ஜிஎல்பி-1 போன்ற, 'போதும்' என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன்கள் கூடுகின்றன. அதனால்தான் ஆபரேஷன் முடிந்த சில நாட்களிலேயே, எடை குறையத் தொடங்கும் முன்பே, பலருக்கு ரத்தச் சர்க்கரை இறங்குகிறது.

இது நல்ல செய்தி. கூடவே ஓர் எச்சரிக்கையும் உண்டு. இன்சுலினையும் சர்க்கரை மாத்திரையையும் பழைய அளவிலேயே தொடர்ந்தால் சர்க்கரை அபாயமாகத் தாழ்ந்துவிடும். பிரஷர் மாத்திரையும் அப்படியே. எழுந்து நின்றதும் கண் இருட்டுகிறது என்றால் 'ஆபரேஷன் பண்ணின பலவீனம்' என்று விட்டுவிடாமல் மாத்திரை அளவைக் குறைக்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். தானாக நிறுத்தவும் கூடாது. மெதுவாகக் கரையும்படி தயாரிக்கப்பட்ட மாத்திரைகள், குறிப்பாக பைபாஸுக்குப் பிறகு, முன்போல உடம்பில் சேராமல் போகலாம். எல்லா மருந்துச் சீட்டையும் ஒருமுறை டாக்டர் முன்னால் பரப்பிவைப்பது நல்லது.

சாப்பாடு

முதல் ஓரிரு நாள் தெளிந்த நீராகாரம். பிறகு சுமார் இரண்டு வாரத்துக்கு பால், மோர், வடிகட்டிய சூப், புரோட்டீன் பவுடர் கலந்த பானம். அதற்கு அப்புறம் மசித்த உணவு, அதன் பிறகு மிருதுவான உணவு, இரண்டு மாதம் போல ஆனதும் ஓரளவு வழக்கமான சாப்பாடு. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். உங்களுக்குக் கொடுத்த தாளில் உள்ளதுதான் உங்களுக்குப் பொருந்தும். உள்ளே தையல் ஆறவேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் படிநிலை. நாக்குக்குக் கட்டுப்பாடு போடுவது இதன் நோக்கம் இல்லை.

அக்கா முதன்முதலாக இட்லி சாப்பிட்ட நாளை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அரை இட்லி, கொஞ்சம் சாம்பார். காபிக்குப் போடும் சின்ன ஸ்பூனால் எடுத்து, வாயில் கூழாகும்வரை மென்று, ஸ்பூனைத் தட்டில் வைத்துவிட்டு ஒரு நிமிடம் காத்திருந்து, பிறகு அடுத்த வாய். அரை இட்லி தீர அரை மணி நேரம் ஆயிற்று. இடையில் ஒருமுறை போனில் யாரோ பேச, பேச்சு சுவாரஸ்யத்தில் இரண்டு வாய் வேகமாகப் போய்விட்டது. நெஞ்சுக்கு நடுவே கல் வைத்த மாதிரி அடைத்தது. வாயில் எச்சில் ஊறி ஊறி நுரையாக வந்தது. வாந்தி என்று சொல்ல முடியாது, வெறும் நுரை. கால் மணி நேரம் நடந்துகொண்டே இருந்த பிறகுதான் சரியாயிற்று.

அந்த நுரை பயப்படும் விஷயம் இல்லை. வேகமாகவோ, பெரிய வாயாகவோ, மெல்லாமலோ சாப்பிட்டால் வரும். ஆனால் அதற்கு முன்பே உடம்பு ஒரு குறிப்புக் காட்டியிருக்கும். முன்பெல்லாம் வயிறு நிறைந்தது என்றால் வயிற்றில்தான் தெரியும். இப்போது ஒருவருக்கு விக்கலாகத் தெரியும், இன்னொருவருக்கு மூக்கில் நீர் வடியும், சிலருக்குத் தும்மல், சிலருக்கு நெஞ்சுக்குழியில் லேசான அழுத்தம், சிலருக்குப் பெருமூச்சு. தன் குறிப்பு எது என்று ஒவ்வொருவரும் கண்டுபிடிக்க வேண்டும். அக்காவுக்கு அது விக்கல். முதல் விக்கல் வந்ததும் தட்டை நகர்த்திவைத்துவிடுவாள். அதற்குப் பிறகு ஒரு வாய் போனாலும் அவஸ்தைதான்.

நம் சாப்பாட்டில் சில, தெரிந்தே தொல்லை தருபவை. குழைய வேகாத சோறும் பிசுபிசுப்பான பரோட்டா, பிரெட் மாதிரியானவையும் உருண்டையாகித் தங்கிவிடும். நார் நாராக இருக்கும் ஆட்டுக்கறியும் அப்படித்தான். கோழியைவிட மீன் சுலபம். இட்லி மிருதுவாகத்தான் இருக்கிறது, ஆனால் ஓர் இட்லியில் இரண்டு கிராம் புரோட்டீன்தான் தேறும். இங்கேதான் தமிழ்நாட்டுச் சமையலுக்கும் இந்த ஆபரேஷனுக்கும் நேரடி மோதல். ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரோட்டீன் வேண்டும் என்று டயட்டீஷியன் சொல்லுவார். நம் தட்டோ அரிசியைச் சுற்றி அமைந்தது. இருக்கும் கொஞ்ச இடத்தை இட்லியும் சோறும் பிடித்துக்கொண்டால் புரோட்டீனுக்கு இடமே கிடையாது.

அதனால் தட்டின் வரிசையைத் திருப்ப வேண்டும். முதலில் முட்டை, மீன், கோழி, பன்னீர், கெட்டிப் பருப்பு, சுண்டல். அப்புறம் காய். மிச்சம் இடம் இருந்தால் சோறு. ஒரு முட்டையில் 6 கிராம், நூறு கிராம் பன்னீரில் சுமார் 18 கிராம், நூறு கிராம் தயிரில் 3 கிராமுக்குக் கொஞ்சம் மேலே. சைவம் சாப்பிடுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், முதல் சில மாதம் புரோட்டீன் பவுடர் இல்லாமல் சமாளிப்பது ஏன் கஷ்டம் என்று புரியும். ரசத்தைச் சாப்பாடாக நினைத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் உண்டு. ரசம் தொண்டைக்கு இதமாக இருக்கும், புரோட்டீன் என்று அதில் ஒன்றும் இல்லை.

தண்ணீரும் புதுப் பாடம்தான். அண்ணாந்து ஒரு சொம்பு தண்ணீரை மடமடவென்று குடிப்பது முடியாது. ஒன்றரை முதல் இரண்டு லிட்டரை நாள் முழுக்க மிடறு மிடறாகக் குடிக்க வேண்டும். சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கக் கூடாது. சாப்பிட்டு அரை மணி நேரம் விட வேண்டும். சென்னை, மதுரை வெயிலில் இதைச் சாதிப்பது லேசில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு முதல் மாதத்தில் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போக நேரிடுகிறவர்களில் பலர் வெறும் நீர்ச்சத்துக் குறைவால்தான் போகிறார்கள். சிறுநீர் மஞ்சளாக அடர்ந்தால் அதுவே குறிப்பு. தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காமல், பாட்டிலைக் கையோடு வைத்துக்கொண்டு குடிப்பதுதான் வழி.

மாத்திரைகள், வாந்தி, ஒரு பாட்டில் குளுக்கோஸ்

ஆறு மாதம் ஆனதும் நன்றாக இருக்கிறோமே என்று விட்டமின் மாத்திரைகளை நிறுத்துகிறவர்கள் ரொம்பப் பேர். நிறுத்திய அன்று ஒன்றும் ஆகாது. அதுதான் சிக்கல். பி12 ஈரலில் சேமித்து வைக்கப்படும் சத்து, தீர ஒன்றிரண்டு வருடம்கூட ஆகும். அது தீர்ந்த பிறகு பாதத்தில் மதமதப்பு, எறும்பு ஊர்வது போன்ற உணர்வு, மறதி, ஓயாத களைப்பு. ஏற்கெனவே சர்க்கரை நோய் இருந்தவர் என்றால் 'சுகரால் வந்த மதமதப்பு' என்றே நினைத்துவிடுவார். வயிற்றின் அமைப்பு மாறிவிட்டதால் பி12, இரும்பு, கால்சியம், விட்டமின் டி எல்லாமே உணவிலிருந்து சேர்வது குறைந்துவிடுகிறது. பைபாஸில் இது இன்னும் அதிகம். ஆகவே இந்த மாத்திரைகள் ஆயுசுக்கும் தொடர வேண்டியவை.

எடுத்துக்கொள்ளும் முறையும் முக்கியம். கால்சியமும் இரும்பும் ஒன்றையொன்று தடுக்கும், இரண்டுக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் வேண்டும். காபியும் டீயும் இரும்பு சேர்வதைக் குறைக்கும். காலை பில்டர் காபியோடு இரும்பு மாத்திரையை விழுங்கினால் பாதிப் பலன்கூடக் கிடைக்காது.

இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது தையமின், அதாவது பி1 பற்றி. உடம்பில் இதன் கையிருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் தாங்கும். ஆபரேஷன் செய்தவருக்கு வாரக்கணக்கில் வாந்தி நிற்கவில்லை, சாப்பாடும் இறங்கவில்லை என்றால் பி1 தீர்ந்துபோய் மூளையும் நரம்பும் பாதிக்கப்படும். பார்வை இரண்டாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, பேச்சில் குழப்பம் ஆகியவை அதன் அடையாளங்கள். நம் ஊரில் வாந்தி என்றால் தெருமுனை கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு வருவது வழக்கம். பி1 குறைந்திருக்கும் உடம்பில் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் இருக்கும் கொஞ்ச பி1ஐயும் அது செலவழித்து நிலைமையை மோசமாக்கிவிடும். எங்கே போனாலும் "எனக்கு எடைக் குறைப்பு ஆபரேஷன் ஆகியிருக்கிறது, முதலில் தையமின் ஊசி போடுங்கள்" என்று சொல்ல வேண்டும். கூட இருப்பவர்களும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும், ஏனென்றால் அந்த நேரத்தில் நோயாளி தெளிவாகப் பேசும் நிலையில் இல்லாமலும் போகலாம்.

மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் வகை மாத்திரைகள் பைபாஸ் செய்தவர்களுக்கு இணைப்பு இடத்தில் புண்ணை உண்டாக்கும். சிகரெட்டும் அதையே செய்யும். வலிக்கு பாரசிட்டமால் போதுமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

முதல் சில வாரத்தில் காய்ச்சலோடு வயிற்றுவலி, படுத்திருக்கும்போதும் இறங்காத நாடித்துடிப்பு, மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கம், இவற்றில் எது வந்தாலும் காலை வரை பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கே நேராகப் போய்விட வேண்டும்.

திடீர்ப் படபடப்பு

பைபாஸ் செய்தவர் ஒரு குலாப் ஜாமுன் சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்து இருபது நிமிடத்தில் நெஞ்சு படபடக்கிறது, வியர்க்கிறது, வயிறு முறுக்குகிறது, படுத்தால் தேவலை என்றிருக்கிறது. இதை டம்பிங் என்பார்கள். இனிப்பு இரைப்பையில் நின்று மெதுவாக இறங்காமல் நேரே குடலில் கொட்டுவதால் வருவது. இன்னொரு வகை, சாப்பிட்டு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து வரும். இனிப்பைக் கண்டு இன்சுலின் அதிகமாகச் சுரந்து, சர்க்கரை தாழ்ந்துபோய் நடுக்கமும் கிறக்கமும் வரும். இரண்டாவது வகையில் பழைய குறிப்பு நம்மை ஏமாற்றும். கிறக்கம் வந்ததும் கைநிறைய இனிப்பை அள்ளிப் போட்டால் சற்று நேரம் தெம்பாக இருந்து, மறுபடி அதே சுற்று தொடங்கும். அந்த நேரத்தில் எதை, எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று டயட்டீஷியனிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. அடிக்கடி வந்தால் அதற்குத் தனியாக வைத்தியம் இருக்கிறது.

கர்ப்பிணிகள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். கர்ப்பகாலச் சர்க்கரையைக் கண்டுபிடிக்க 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கக் கொடுப்பது நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் வழக்கமான பரிசோதனை. பைபாஸ் செய்த பெண்ணுக்கு இது கடுமையான டம்பிங்கைக் கொண்டுவரும். வீட்டில் சில நாட்கள் விரலில் குத்திச் சர்க்கரையைப் பார்ப்பது மாற்று வழி. பரிசோதனைக்கு உட்காரும் முன்பே நர்ஸிடம் சொல்லிவிடலாம்.

ஆபரேஷனுக்குப் பிறகு 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பம் தரிக்காமல் இருக்கச் சொல்வார்கள். எடை வேகமாகக் குறையும் காலத்தில் குழந்தைக்குச் சத்து போதாது. ஆனால் வருடக்கணக்கில் பிசிஓடி என்ற சினைப்பைக் கோளாறால் மாதவிடாய் சரியில்லாமல் இருந்தவர்களுக்குக்கூட, எடை குறையத் தொடங்கியதும் கருமுட்டை ஒழுங்காக வரத் தொடங்கிவிடும். 'எனக்குத்தான் நிற்காதே' என்ற பழைய நினைப்பில் இருப்பவர்கள் எதிர்பாராமல் கர்ப்பமாவது இதனால்தான். பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரையை முழுமையாக நம்ப முடியாது, வேறு முறை வேண்டும்.

தலைமுடி, குளிர், தோல்

மூன்றாவது மாதம் வாக்கில் சீப்பில் கொத்தாக முடி வரும். பெண்களை இது ரொம்பவே உடைத்துவிடுகிறது. உடம்பு பெரிய அதிர்ச்சிக்கு உள்ளானால் நிறைய முடி ஒரே நேரத்தில் ஓய்வு நிலைக்குப் போய், சில மாதம் கழித்து உதிரும். டைபாய்டு, பிரசவம் முடிந்த பிறகு கொட்டுவதும் இதே காரணத்தால்தான். வேர் சாகவில்லை, பெரும்பாலும் தானாக வளர்ந்துவிடும். ஆறேழு மாதத்துக்கு மேலும் நிற்காமல் கொட்டினால் இரும்பு, துத்தநாகம், புரோட்டீன் குறைவா என்று பார்க்க வேண்டும்.

கொழுப்பு குறைவதால் குளிர் அதிகம் தெரியும். வேகமாக இளைக்கும்போது பித்தப்பையில் கல் சேரும் வாய்ப்பு கூடுவதால் அதற்கு ஆறு மாதம் மாத்திரை கொடுப்பதுண்டு. எடை குறைவதும் ஒரே சீராக இருக்காது. மூன்றாவது நான்காவது வாரத்திலேயே முள் நகராமல் நின்றுவிடலாம். தினமும் எடை மெஷினில் ஏறுகிறவர்களுக்கு அது நரகம். வாரம் ஒருமுறை போதும்.

தோல் தொங்குவதைப் பற்றி யாரும் முன்னாடியே வாய்விட்டுச் சொல்வதில்லை. மேல்கை, வயிறு, தொடை, மார்பு என்று தளர்ந்துபோகும். மடிப்புகளில் வியர்வை தங்கிப் புண்ணாகும், பூஞ்சை பிடிக்கும். நன்றாகத் துடைத்து ஈரமில்லாமல் வைத்துக்கொள்ள வேண்டும். எடை ஒரு நிலைக்கு வந்த பிறகு, சுமார் ஒன்றரை வருடம் கழித்து, உபரித் தோலை நீக்கும் ஆபரேஷன் செய்யலாம். எத்தனை உடற்பயிற்சி செய்தாலும் அந்தத் தோல் முழுதாக இறுகாது. இதை நேர்மையாகச் சொல்லிவிட்டால், தன் சோம்பேறித்தனத்தால்தான் தொங்குகிறது என்று ஒருவர் தன்னையே திட்டிக்கொண்டிருக்க மாட்டார். தசை கரையாமல் இருக்க முதல் நாளிலிருந்தே நடையும், டாக்டர் அனுமதித்த பிறகு எடை தூக்கும் பயிற்சியும் வேண்டும். அது வேறு கணக்கு.

மனசு

டாக்டர்கள் ஆபரேஷன் செய்வது வயிற்றுக்கு. சாயங்காலம் மழை பெய்தால் பஜ்ஜி, அலுவலகத்தில் திட்டு வாங்கினால் வீட்டுக்கு வரும் வழியில் பரோட்டா, தனியாக இருக்கும் இரவில் ஒரு டப்பா முறுக்கு என்று இருபது முப்பது வருடமாகப் பழகிய மனசு அப்படியேதான் இருக்கும். வயிற்றில் பசி இருக்காது. ஆனாலும் கை தேடும். முதல் மாதங்களில் சிலர் சாப்பாட்டு வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளுவார்கள். சிலர் வீட்டில் எல்லோருக்கும் விதவிதமாகச் சமைத்துப் போடுவார்கள். சிலர் காரணமே தெரியாமல் அழுவார்கள். துக்கத்தில் துணையாக இருந்த ஒன்று போய்விட்டதால் வரும் துக்கம் அது. அதை 'இதுக்குப் போய் அழுவாங்களா' என்று யாரும் சிறுமைப்படுத்தக் கூடாது.

வயிற்றுப் பசியையும் மனப் பசியையும் பிரித்துப் பார்க்கப் பழகலாம். வயிற்றுப் பசி மெதுவாக ஏறும், எதைக் கொடுத்தாலும் அடங்கும். மனப் பசி சட்டென்று வரும், குறிப்பிட்ட ஒன்றைத்தான் கேட்கும். முறுக்குதான் வேண்டும், அவித்த முட்டை வேண்டாம் என்றால் அது வயிறு கேட்பதில்லை. அந்த நேரத்தில் என்ன நடந்தது, யாரோடு பேசிவிட்டு வந்தோம் என்று ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதிவைத்தால் சில வாரத்தில் ஒரு வழக்கம் பிடிபடும்.

சாப்பாட்டில் கிடைத்த ஆறுதலை வேறு ஒன்றில் தேடும் ஆபத்தும் இருக்கிறது. ஷாப்பிங், சூதாட்டச் செயலி, குடி. குடி இதில் மோசமானது. பைபாஸுக்குப் பிறகு மது சீக்கிரமாக ரத்தத்தில் ஏறும், போதையும் அதிகம். அமெரிக்காவில் பத்து மருத்துவமனைகளில் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், ஆபரேஷன் ஆன இரண்டாவது வருடத்தில் குடிப்பழக்கச் சிக்கல் கூடியது தெரியவந்தது. முதல் வருடம் கட்டுப்பாடாக இருந்தவர்கள்கூட இரண்டாவது வருடத்தில் கவனமாக இருக்க வேண்டும்.

இன்னொன்று, உடம்பு இளைக்கும் வேகத்துக்கு மனசில் இருக்கும் உருவம் இளைக்காது. அக்கா முப்பது கிலோவுக்கு மேல் குறைந்த பிறகும், கல்யாண மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைக் கண்டால் முதலில் கையால் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவாள். கால் வளைகிறதா என்று பார்க்கிறாள். எத்தனையோ வருடத்துப் பயம் அது. பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் இடம் இருந்தாலும் நின்றுகொண்டே வருவாள். துணிக்கடையில் பழைய அளவையே எடுப்பாள், ட்ரயல் ரூமிலிருந்து குழம்பிப்போய் வெளியே வருவாள். அப்படி ஒருவரைப் பார்த்தால் 'நீதான் இளைச்சுட்டியே' என்று வாதாடுவதைவிட, பக்கத்தில் உட்கார்ந்துகொள்வது நல்லது. மாதம் ஒரு போட்டோ எடுத்துவைப்பது பலருக்கு உதவுகிறது. கண்ணாடியை நம்பாத மனசு போட்டோக்களை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது மெல்ல ஒப்புக்கொள்கிறது.

சந்தோஷத்தோடு கோபமும் வரும். இத்தனை நாள் முகம் கொடுத்துப் பேசாதவர்கள் இப்போது சிரித்துப் பேசுகிறார்கள். 'அப்போ நான் மனுஷியா தெரியலையா' என்ற கேள்வி எழும். நியாயமான கோபம். வீட்டுக்குள்ளும் உறவு மாறும். தன்னம்பிக்கை கூடுவதைக் கணவனோ மனைவியோ சந்தேகமாகப் பார்க்கும் வீடுகளும் உண்டு.

பெரும்பாலோருக்கு முதல் வருடத்தில் மனச்சோர்வு குறைகிறது. சிலருக்கு எடை நின்றுபோனதும், 'இளைத்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்று நம்பியது சரியாகாததும், மறுபடி இருள் கவிகிறது. தற்கொலை எண்ணம் வருகிறவர்களும் இருக்கிறார்கள் என்பதை ஆய்வுகள் பதிவுசெய்திருக்கின்றன. ஏற்கெனவே மனநல மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்த மருந்து சேரும் அளவும் மாறியிருக்கலாம். தூக்கம் போய், எதிலும் ஈடுபாடு போய், இருந்து என்ன பயன் என்று தோன்றினால் அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416 இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

சுற்றியிருப்பவர்கள்

நம் ஊரில் இளைத்தவரைப் பார்த்தால் நோய்தான் ஞாபகம் வரும். "என்னம்மா இப்படி எலும்பும் தோலுமா ஆயிட்ட, சுகரா?" என்று விசேஷத்துக்கு வந்த பெரியம்மா கேட்பார். இன்னொரு பக்கம், "கத்தி வெச்சுக் குறைச்சதுதானே, இதுல என்ன சாமர்த்தியம்" என்றும் பேச்சு வரும். வேளைக்கு இவ்வளவு என்று அளந்து, மென்று, மாத்திரை தவறாமல், ஆயுசு முழுக்க ஒருவர் செய்யும் வேலையைப் பார்த்தவர்கள் இதைக் குறுக்குவழி என்று சொல்ல மாட்டார்கள்.

யாரிடம் சொல்வது, யாரிடம் மறைப்பது என்பது அவரவர் உரிமை. ஆனால் கூடச் சாப்பிடும் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும். பந்தியில் "இன்னும் ஒரு கரண்டி" என்று பரிமாறுபவரைத் தடுக்கவும், பேச்சு சாப்பாட்டை விட்டு நகரவும் ஆள் வேண்டுமே. அம்மாக்களுக்கு இது ரொம்பக் கஷ்டம். ஊட்டுவதுதானே அவர்கள் அன்பு காட்டும் வழி. எங்கள் அம்மா கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். அக்கா வருகிறாள் என்றால் மீன் குழம்பில் காரத்தைக் குறைத்து, முள் எடுத்த துண்டு இரண்டை மட்டும் ஒரு சின்னக் கிண்ணத்தில் தனியாக எடுத்துவைத்துவிடுவார். "போதுமா" என்று ஒருமுறைதான் கேட்பார்.

இரண்டாம் வருடம், அதற்கு அப்புறமும்

முதல் ஒரு வருடம் பசி அடங்கியிருக்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வரும். சாப்பிடும் அளவும் கூடும். ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று அலற வேண்டியதில்லை, எல்லோருக்கும் நடப்பதுதான். 1987இல் ஸ்வீடனில் தொடங்கிய நீண்டகால ஆய்வில், பைபாஸ் செய்தவர்கள் முதல் இரண்டு வருடத்துக்குள் சராசரியாகத் தங்கள் எடையில் 32 சதவீதம் குறைந்தார்கள். பத்து வருடம் கழித்துப் பார்த்தபோது அது 25 சதவீதத்தில் நின்றது. அதாவது, கீழே போனதில் ஒரு பகுதி மேலே வருவது கணக்கிலேயே இருக்கிறது. நூறு கிலோ இருந்த ஒருவர் 68க்கு இறங்கி, பிறகு 75இல் நிலைத்தால் அது தோல்வி இல்லை.

அதற்கு மேலும் ஏறுகிறது என்றால் காரணம் தேடலாம். வயிறு நிறையாமலே நழுவி இறங்கிவிடும் சாப்பாடுகள் இருக்கின்றன: ஐஸ்கிரீம், மில்க் ஷேக், சர்க்கரை போட்ட டீ நாலைந்து வேளை, சிப்ஸ், பிஸ்கட். நாள் முழுக்கக் கொறித்தால் சின்ன வயிறு எந்தத் தடையும் சொல்லாது. புதிய மருந்து, தைராய்டு, மனச்சோர்வு, தூக்கமின்மை என்று வேறு காரணங்களும் இருக்கலாம். செமாகுளூடைடு, டிர்செபடைடு போன்ற, பசியைக் குறைக்கும் ஊசிகளும் சிலருக்கு மறு ஆபரேஷனும் இன்று வழிகளாக இருக்கின்றன.

வருத்தம் என்னவென்றால், எடை ஏறத் தொடங்கியவர்கள்தான் டாக்டரிடம் போவதை முதலில் நிறுத்துகிறார்கள். திட்டுவார்களோ என்ற கூச்சம். அந்தக் கூச்சத்தோடு வருடாந்திர ரத்தப் பரிசோதனையும் நின்றுபோகிறது. ஐந்து கிலோ ஏறியதைவிட அது பெரிய ஆபத்து. ரத்த அளவு, இரும்பு, பி12, விட்டமின் டி, கால்சியம் ஆகியவற்றை வருடம் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். ஆபரேஷன் செய்த டாக்டரை விட்டு வேறு ஊருக்குக் குடிபோய்விட்டால், பக்கத்தில் இருக்கும் ஏதாவது ஓர் அரசு மருத்துவமனையிலோ தெரிந்த டாக்டரிடமோ டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டி இவற்றை எழுதி வாங்கலாம். எந்த வகை ஆபரேஷன் என்பதை அந்தத் தாளில் அடிக்கோடிட்டு, போனிலும் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.